காடு, மில்லு, மேப்பு, ஆடிட்டு: ஃபாரஸ்ட் பயோஎகானமி படிச்சா எந்தப் பக்கம் போறது?

"கடைசி வருஷம் வந்தாச்சு. மண்ணு படிச்சேன், லிக்னின் படிச்சேன், கார்பன் கணக்கு போட்டேன், பாலிசி பேப்பர் எழுதினேன், ஆனா நீ என்னவா ஆகப்போறேன்னு யாராவது கேட்டா வாயில பதில் வரமாட்டேங்குது." ஃபாரஸ்ட் பயோஎகானமி, சஸ்டெயினபிலிட்டின்னு பேர் இருக்கிற கோர்ஸ்ல படிக்கிற பசங்க பொண்ணுங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. நர்சிங் படிச்சவங்களுக்கு இந்தக் குழப்பம் இல்ல, சிவில் படிச்சவங்களுக்கும் பெருசா இல்ல. இந்தப் படிப்புல மட்டும் ஏன்னா, பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற பொருளை எல்லாம் காடு குறையாம மரத்துல இருந்து எடுக்க முடியுமாங்கிற ஒரு கேள்விக்குள்ள காட்டுக்காரர், கெமிஸ்ட், எஞ்சினியர், சட்டம் தெரிஞ்சவர், கணக்குப் போடுறவர் எல்லாரும் வேணும், கோர்ஸ் அத்தனை பேரையும் ஒரே ஆளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டு அனுப்பி வச்சிருது.

வேலை இல்லைங்கிறது இங்க பிரச்சினை இல்ல. ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓ 2020-ல எடுத்த கணக்குப்படி உலகத்துல காடு 406 கோடி ஹெக்டேர், நிலத்துல 31 சதவீதம். இன்னொரு கணக்குப்படி காட்டையும் மரத்தையும் நம்பி வேலை பாக்குறவங்க சுமார் 3.3 கோடி பேர். பிரச்சினை என்னன்னா எந்தக் கதவைத் தட்டுறதுன்னு தெரியாம எல்லாக் கதவையும் பாதி பாதியா தட்டிட்டு நிக்கிறது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன், அப்பதான் கீழ நான் எடை போடுறப்ப தராசு எந்தப் பக்கம் சாயுதுன்னு உங்களுக்குப் புரியும். முதல் நாலஞ்சு வருஷத்துக்கு கையால செஞ்சு காட்டக்கூடிய ஒரு கெட்டியான வேலைய கத்துக்குங்க. அளக்கிறதோ, மில் ஓட்டுறதோ, மேப் போடுறதோ, எதுவா இருந்தாலும் சரி. சஸ்டெயினபிலிட்டி ஆலோசகர்ங்கிற பேரு அதுக்கு மேல வந்து உக்காரணும், அடியில இருக்கக்கூடாது.

## எதை வச்சு எடை போடுறது

சம்பளத்தை நான் முதல் அளவுகோலா வைக்கல. நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதோட முதல் வருஷச் சம்பளம் பத்தாவது வருஷத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. அதுக்குப் பதிலா இந்த அஞ்சையும் கேளுங்க:

- ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? விளம்பரத்துல இருக்கிற நாள் இல்ல, நிஜ நாள்.
- உங்க டிகிரியோட நேரா உள்ள போக முடியுமா, இல்ல நடுவுல இன்னொண்ணு படிக்கணுமா?
- இந்த வேலை எந்த ஒரே விஷயத்தை நம்பி நிக்குது? ஒரு சட்டமா, ஒரு மில்லா, ஒரு மார்க்கெட்டா, ஒரு கிராண்டா?
- அது சரிஞ்சா கத்துக்கிட்டதை வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?
- வெளிய தெரியாத செலவு என்ன? உடம்பு, ஊரு, குடும்பம், மொழி, மனசாட்சி.

மூணாவதும் நாலாவதும்தான் என்னைப் பொறுத்தவரை ரொம்ப முக்கியம். இந்தத் துறையில விஷயங்க சட்டுனு மாறுது, கீழ உதாரணம் வரும்.

## 1. காட்டுல நிக்கிற வேலை

நாள் எப்படி: சாம்பிள் ப்ளாட் போட்டு, அதாவது காட்டுல சின்னத் துண்டை மாதிரியா குறிச்சு, அதுல மரத்தை அளக்கிறது, தரையில இருந்து 1.3 மீட்டர் உயரத்துல டேப் சுத்தி விட்டம் எடுக்கிறது, உயரம் பாக்குறது, எந்த மரத்தை விடணும் எதை எடுக்கணும்னு குறி போடுறது, வெட்டுற கான்ட்ராக்டர் சொன்ன வரிசையில வெட்டுறாரான்னு பாக்குறது, ரோடு, நர்சரி, தீத்தடுப்பு, நடுவுல பக்கத்துல குடியிருக்கிறவங்க வந்து சண்டை போட்டா அதையும் பேசித் தீர்க்கிறது. கடைசியா சொன்னது சிலபஸ்ல இருக்காது, ஆனா பாதி வேலை அதுதான்.

உள்ள போறது: காட்டியல் பாடம் ஆழமா எடுத்தவங்களுக்கு நேரடி வழி. பயோஎகானமின்னு மேலோட்டமா மட்டும் படிச்சவங்களுக்கு மரம் வளர்ப்பு, அளவியல், பூச்சி நோய் இந்த மூணுலயும் ஓட்டை இருக்கும், அதை அடைக்கணும். அரசு வனத்துறைன்னா தேர்வு, உடல் தகுதி, வயசு வரம்புன்னு தனிப் பாதை, அதுக்காக வருஷக்கணக்குல காத்திருக்கிறதும் ஒரு செலவுதான்.

எதை நம்பி நிக்குது: காடு இருக்கிற வரைக்கும் இந்த வேலை இருக்கும். இன்னும் சொன்னா காலநிலை மாறுறதால இதோட தேவை கூடுது. ஜெர்மனியில 2018-ல ஆரம்பிச்ச வறட்சி, அதுக்குப் பின்னாடியே வந்த பட்டை வண்டு, ரெண்டும் சேர்ந்து சில வருஷத்துல சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டைக் காலி பண்ணிருச்சு, பெரும்பாலும் ஒரே வகையா நட்ட ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரம். அந்த இடத்துல இப்ப என்ன நடுறது, இன்னும் எண்பது வருஷம் கழிச்சு என்ன வெயில் அடிக்கும்னு யோசிச்சு நடுறதுக்கு ஆள் வேணும், அதை சாட்டிலைட் முடிவு பண்ணாது.

மறைமுகச் செலவு: உடம்பு முதல் செலவு, உலகத்துல ஆபத்து அதிகமான தொழில்கள்ல மரம் வெட்டுறதும் ஒண்ணு, நீங்க வெட்டலைன்னாலும் வெட்டுற இடத்துல நிப்பீங்க. அடுத்தது ஊரு, காடு எங்க இருக்கோ அங்கதான் வீடு, கூட வாழுறவங்களுக்கு அங்க வேலை கிடைக்குமாங்கிறது கல்யாணத்துக்கு அப்புறம்தான் பலருக்கு உறைக்குது. மூணாவது, யாரும் சொல்லாதது: அறிவு ஒரு நிலத்தோட கட்டிப் போட்டிருக்கும். பைன் காட்டுல இருபது வருஷம் இருந்தவர் வெப்பமண்டலக் காட்டுல மறுபடி மாணவர்தான். அளக்கிற முறை கூட வரும், மரத்தோட குணம் கூட வராது.

இன்னொண்ணும் யோசிச்சுக்குங்க. பிரேசில்ல காகிதக் கூழுக்கு நடுற யூகலிப்டஸ் 6, 7 வருஷத்துல வெட்டுக்கு வந்துரும், உங்க முடிவு சரியா தப்பான்னு கண்ணால பாத்துருவீங்க. வடக்கு நாடுகள்ல பைனுக்கு 60-ல இருந்து 100 வருஷம் ஆகும். நீங்க நட்டதை வெட்டப்போறவர் இன்னும் பொறக்கல. சிலருக்கு அது பெரிய நிம்மதி, சிலருக்கு தாங்காது, நீங்க எந்த வகைன்னு நேர்மையா கேட்டுப் பாருங்க.

எப்போ இதுதான் சரி: நாள் முழுக்க நாற்காலியில உக்காந்தா மனசு சுருங்கிப் போறவங்களுக்கு. பின்னாடி பாலிசிக்கோ ஆடிட்டுக்கோ போகணும்னு நினைக்கிறவங்களுக்கும்தான், ஏன்னா அங்க உங்க வார்த்தைக்கு எடை கொடுக்கிறது இந்த வருஷங்கதான்.

## 2. மில்லு, லேப், மரப் பொருள்

பயோஎகானமிங்கிற வார்த்தையோட பாதி அர்த்தம் இங்கதான் இருக்கு, ஆனா காட்டியல் பசங்க இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதே கம்மி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

காய்ஞ்ச மரத்துல ஏறக்குறைய 40-50 சதவீதம் நாரான செல்லுலோஸ், 20-30 அந்த நாரைப் பசை மாதிரி ஒட்டிப் பிடிக்கிற லிக்னின், மீதியில பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ். கிராஃப்ட்ங்கிற கெமிக்கல் முறையில காகிதக் கூழ் காய்ச்சுறப்ப மரத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் கூழா வரும், மீதி கரைஞ்சு கருப்புத் திரவமா போயிரும், அதை பாய்லர்ல எரிச்சு ஆவி, கரண்ட் எடுத்து, போட்ட கெமிக்கலையும் திரும்பப் பிடிச்சுக்குவாங்க. இன்னைக்கு பயோரிஃபைனரின்னு பெரிய பேர்ல பேசுறதுல கணிசமான பங்கு என்னன்னா, அந்தக் கருப்புத் திரவத்தை எரிக்கிறதுக்கு முன்னாடி அதுல இருந்து இன்னும் எதை எடுத்து நல்ல விலைக்கு விக்கலாங்கிறதுதான். பின்லாந்துல லப்பேன்ராண்டாவுல யுபிஎம்ங்கிற கம்பெனி 2015-ல இருந்து கூழ் மில்லோட துணைப்பொருளான டால் ஆயில்ல இருந்து டீசல் எடுக்குது. அதே நாட்டுல மெட்ஸா குழுமம் ஆனெகோஸ்கியில 2017-ல திறந்த மில்லு சுமார் 120 கோடி யூரோ முதலீடு, வருஷத்துக்கு 13 லட்சம் டன் கூழ், அதோட டால் ஆயில், டர்பென்டைன், வெளிய விக்கிற அளவுக்குக் கரண்ட்.

இன்னொரு கிளை கட்டட மரம். நார்வேயில ம்யோஸ்டோர்னெங்கிற மரக் கட்டடம் 2019-ல 85.4 மீட்டர், 18 மாடி. 2022-ல அமெரிக்காவுல மில்வாக்கியில அசென்ட் 86.6 மீட்டர், 25 மாடி. மரம் எரியுமேன்னு எல்லாரும் கேக்குறாங்க, எரியும்தான், ஆனா கணக்கா எரியும்: ஐரோப்பிய கட்டட விதிப்படி பலகைகளை அடுக்கி ஒட்டிச் செஞ்ச உத்தரத்துல சாஃப்ட்வுட், அதாவது ஊசியிலை மரம், நிமிஷத்துக்கு 0.65-ல இருந்து 0.7 மில்லிமீட்டர் கருகுதுன்னு வச்சு டிசைன் பண்றாங்க, வெளிய கருகின அடுக்கே உள்ள இருக்கிறதைக் காப்பாத்தும். இந்த மாதிரி விஷயம் படிக்கிறப்ப உங்களுக்கு உள்ள ஏதோ துள்ளுச்சுன்னா இந்தப் பாதைய சும்மா தாண்டிப் போகாதீங்க.

நாள் எப்படி: உள்ள எவ்ளோ போகுது வெளிய எவ்ளோ வருதுன்னு நிறைச் சமநிலை, ஆற்றல் சமநிலை, ஈரப்பதம், சாம்பிள், ஏன் இன்னைக்கு கூழோட தரம் விழுந்துச்சுன்னு தேடுறது, பாதுகாப்பு மீட்டிங். ஷிஃப்ட் இருக்கும்.

உள்ள போறது: இங்கதான் உண்மைய சொல்லணும். ப்ராசஸ் எஞ்சினியர் வேலைக்கு கெமிக்கல் எஞ்சினியரிங் படிச்சவங்களோட மோதணும், அவங்க கணக்கு உங்களைவிட கெட்டியா இருக்கும். உங்க பலம் வேற: உள்ள வர்ற மரத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். எந்த இனம், எந்தப் பருவத்துல வெட்டினது, எவ்ளோ நாள் குவியல்ல கிடந்தது, அதனால என்ன மாறும். மர வேதியியலும் தெர்மோடைனமிக்ஸும் ரெண்டு பேப்பர் கூடுதலா எடுத்தா அந்த இடைவெளி ஓரளவு மூடும். கூடவே ஒரு பொருளைத் தயாரிக்க என்ன செலவு, என்ன விலைக்கு வித்தா தாங்கும்னு போடுற டெக்னோ எகனாமிக் கணக்கைக் கத்துக்குங்க, லேப்ல ஜெயிச்ச பல பொருள் செத்துப் போறது அந்தக் கணக்குலதான்.

எதை நம்பி நிக்குது, என்ன செலவு: ஒரே மில்லை நம்பின ஊரு. ஸ்டோரா என்சோங்கிற கம்பெனி பின்லாந்துல சுனிலாவுல லிக்னின் பிரிச்சு எடுத்து, அதுல இருந்து பேட்டரிக்குக் கார்பன் பண்ற பைலட் வரைக்கும் போனாங்க, எல்லாரும் உதாரணமா காட்டின இடம், ஆனா அங்க கூழ் மில்லை 2023-ல நிரந்தரமா மூடிட்டாங்க. ஜெர்மனியில லாய்னாவுல யுபிஎம் கட்டின மர பயோகெமிக்கல் ஆலை 2020-ல 55 கோடி யூரோன்னு ஆரம்பிச்சு 100 கோடிய தாண்டிருச்சு, 2022 கடைசியில ஓடும்னு சொன்னது வருஷக்கணக்குல தள்ளிப் போச்சு. அதனால புதுப் பொருள் பண்ற ஆலையில சேர்றீங்கன்னா திட்டம் தள்ளிப்போனாலும் தாங்குற மாதிரி உங்க வாழ்க்கைய வச்சுக்கணும்.

ஆனா தூக்கிட்டுப் போறதுக்கு இதைவிட நல்ல கைத்தொழில் கம்மி. நிறைச் சமநிலை உணவு ஆலையிலயும் ஒண்ணுதான், மருந்துலயும் ஒண்ணுதான், தண்ணி சுத்திகரிப்புலயும் ஒண்ணுதான்.

எப்போ இதுதான் சரி: கெமிஸ்ட்ரி பிடிக்கும், மெஷின் சத்தம் பிடிக்கும், சின்ன ஊர்ல இருக்கிறதுல வருத்தம் இல்லன்னா.

## 3. மேப்பு, சாட்டிலைட், கார்பன் கணக்கு

இப்ப பாதிப் பேர் இங்கதான் வர ஆசைப்படுறாங்க, காரணமும் நியாயமானது. லேண்ட்சாட் சாட்டிலைட்டுங்க 1972-ல இருந்து படம் எடுக்குது, 2008-ல அத்தனை படத்தையும் இலவசமா திறந்து விட்டாங்க, 2015-ல சென்டினல் 2-ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் வந்து 10 மீட்டர் துல்லியத்துக்குக் கொண்டு வந்துச்சு, 2018 கடைசியில ஜெடிங்கிற லேசர் கருவி விண்வெளி நிலையத்துக்குப் போய் மரத்தோட உயரத்தையே அளந்துச்சு, 2025 ஏப்ரல்ல ஐரோப்பிய விண்வெளி முகமை பயோமாஸ்னு காட்டுக்காகவே ஒரு சாட்டிலைட் விட்டிருக்கு. மென்பொருளும் இலவசம், மேப் போடுற கியூஜிஐஎஸ், கோடிங்குக்கு பைத்தான், ஆர் எல்லாம் ஒரு சாதாரண லேப்டாப்ல ஓடும். காசில்லாத மாணவருக்கு இதைவிடத் திறந்த கதவு இந்தத் துறையில இல்ல.

கார்பன் கணக்கோட எலும்புக்கூடு ரொம்ப சிம்பிள். காய்ஞ்ச உயிர்ப்பொருள்ல கார்பன் பங்கு 0.47-னு ஐ.நா. காலநிலைக் குழுவான ஐபிசிசியோட இயல்பு மதிப்பு, அதை கார்பன் டை ஆக்சைடா மாத்த 44-ஐ 12-ஆல வகுத்துப் பெருக்கணும். ஒரு டன் காய்ஞ்ச மரம்னா சுமார் 1.72 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆனா அந்த ஒரு டன்னுங்கிறது எங்க இருந்து வந்துச்சு? சாட்டிலைட்ல எடை மெஷின் கிடையாது. எங்கயோ யாரோ மரத்தை வெட்டி, இலை கிளை வேர்னு பிரிச்சு எடை போட்டு, விட்டத்துல இருந்து எடைய கண்டுபிடிக்கிற சமன்பாடு போட்டாங்க, இன்னொருத்தர் ப்ளாட்ல விட்டம் அளந்தாங்க, அது ரெண்டும் தப்பா இருந்தா மேல எவ்ளோ அழகான மாடல் போட்டாலும் தப்புதான்.

நான் ப்ளாட் போட ஆரம்பிச்ச காலத்துல சரிவுல 10 மீட்டர் ஆரத்தை அப்படியே தரையோட தரையா அளந்துட்டேன். 30 டிகிரி சரிவுல அந்த 10 மீட்டர் கிடைமட்டத்துல 8.66 மீட்டர்தான். அதாவது ப்ளாட்டோட நிஜப் பரப்பு 13 சதவீதம் கம்மி, நான் முழுப் பரப்புன்னு நினைச்சு ஹெக்டேருக்குக் கணக்கு போட்டா அந்த அளவுக்குக் காட்டோட எடையும் குறைஞ்சிரும். மேப்புல உக்காந்து பாத்தா இந்தத் தப்பு கண்ணுல படவே படாது. அதுல இருந்துதான் டேட்டா பக்கம் போற எல்லார்கிட்டயும் ஒரு சீசனாவது காட்டுல அளந்துட்டுப் போங்கன்னு கெஞ்சுறேன்.

எதை நம்பி நிக்குது: ரெண்டா பிரிச்சுப் பாருங்க. ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு அலசுறது), ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படத்தைப் படிக்கிறது) திறமை எதையும் தனியா நம்பி நிக்கல, விவசாயம், காப்பீடு, தண்ணி, நகரத் திட்டம் எல்லா இடத்துலயும் வேணும். கார்பன் கிரெடிட், அதாவது இவ்ளோ கார்பன் டை ஆக்சைடைத் தடுத்தோம்னு விக்கிற சான்று, அந்த வேலை மட்டும் ஒரு மார்க்கெட்டை நம்பி நிக்குது. காடு அழியாம தடுத்தோம்னு வித்த கிரெடிட்டுகள்ல, திட்டம் இல்லைன்னா எவ்ளோ அழிஞ்சிருக்கும்ங்கிற அடிப்படைக் கணக்கையே ஊதிக் காட்டிருக்காங்கன்னு 2023-ல ஆய்வுகள் சொன்னதும் வாங்குறவங்க பின்வாங்கினாங்க. அதே வருஷம் அந்த கிரெடிட்டுகளுக்குச் சான்று கொடுக்கிற வெர்ரா அமைப்பு புது வழிமுறைய கொண்டு வந்துச்சு. பழைய வழிமுறைய மனப்பாடம் பண்ணி வச்சிருந்தவங்க மறுபடி முதல்ல இருந்து படிச்சாங்க, ஏன் அந்தக் கணக்கு அப்படிங்கிறது புரிஞ்சவங்க ஒரு மாசத்துல மாறிக்கிட்டாங்க.

மறைமுகச் செலவு: கண்ணு, முதுகு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க கோடிங்ல உங்களைத் தாண்டிப் போவாங்க, நீங்க நிக்கிறது காடு தெரியுங்கிற ஒரே பலத்துலதான், அதை விட்டா நீங்க சுமாரான ப்ரோக்ராமர். அப்புறம் மனசாட்சி. நீங்க போடுற எண்ணு விக்கிற எண்ணு, அது பெருசா இருக்கணும்னு ஆசைப்படுறவங்கதான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவங்க. இந்த அழுத்தம் சேர்ற அன்னைக்கு தெரியாது, ரிப்போர்ட் கொடுக்கிற வாரம்தான் தெரியும். பேஸ்லைன் இது, நிச்சயமின்மை இவ்ளோன்னு எழுதிட்டு அதை அழிக்க மாட்டேன்னு நிக்கத் தயாரா இருந்தா வாங்க, உங்க மாதிரி ஆளுங்கதான் இங்க வேணும்.

எப்போ இதுதான் சரி: ஊர் மாறாம வேலை பாக்கணும், ரிமோட் வேலை வேணும், குடும்பப் பொறுப்பு இருக்குன்னா. அல்லது இன்னும் எந்தத் துறைன்னு முடிவாகலன்னா, இது வாசலை மூடாத வேலை.

## 4. சான்றிதழ், ஆடிட்டு, சட்ட இணக்கம், ரிப்போர்ட்டிங்

காட்டுக்கும் மரத்துக்கும் சான்றிதழ் கொடுக்கிற அமைப்புகள்ல எஃப்எஸ்சி 1993-ல வந்துச்சு, பிஇஎஃப்சி 1999-ல. காடு ஒழுங்கா நடத்தப்படுதா, அந்த மரம்தான் இந்தப் பெட்டியில இருக்கான்னு சங்கிலி மாதிரி பின்தொடர்ந்து பாக்குறது ஆடிட்டர் வேலை. சான்றிதழ் 5 வருஷம், நடுவுல வருஷா வருஷம் கண்காணிப்பு, அதனால வேலை தொடர்ச்சியா இருக்கும்.

இது மேல சட்டமும் சேர்ந்துருச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தோட காடழிப்பு ஒழுங்குமுறை 2023-ல வந்துச்சு, மரம், ரப்பர், காபி, கோகோ, சோயா, பாமாயில், மாடுன்னு ஏழு பொருள், 2020 டிசம்பர் 31-க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல இருந்து வந்ததா இருக்கக்கூடாது, விளைஞ்ச நிலத்தோட இருப்பிடம் கொடுக்கணும், மாடு தவிர மத்ததுக்கு 4 ஹெக்டேருக்கு மேல இருந்தா எல்லையையே வரைஞ்சு கொடுக்கணும். இதைக் கேட்டதும் நிறைய பேர் இதுக்குன்னே தயாரானாங்க. ஆனா 2024 கடைசின்னு வச்ச அமல் தேதி ரெண்டு தடவை தள்ளிப் போயிருச்சு. கம்பெனிகளோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் சட்டத்துலயும் இதேதான், 2025-ல ஐரோப்பிய ஆணையம் பெரும்பாலான கம்பெனிகளை விலக்குற மாதிரி திருத்தம் முன்வச்சதும் அதை நம்பி ஆள் எடுத்த இடங்க யோசிக்க ஆரம்பிச்சிருச்சு.

சட்டம் வந்தா ஆள் எடுப்பாங்க, தள்ளிப் போனா நிறுத்துவாங்க. அதனால அந்த ஒரு சட்டத்தோட படிவத்தை நிரப்பத் தெரியுங்கிறதை மட்டும் திறமையா வச்சுக்காதீங்க. சட்ட வாசகம் படிச்சு எது கட்டாயம் எது பரிந்துரைன்னு பிரிக்கத் தெரியணும், ஐஎஸ்ஓ 19011 சொல்ற ஆடிட் முறை தெரியணும், ஆளுங்க கிட்ட கேள்வி கேட்டுட்டு சும்மா இருந்து பதிலைக் கேக்கத் தெரியணும். இதெல்லாம் எந்தச் சட்டம் போனாலும் நிக்கும்.

உள்ள போறது: படிச்சு முடிச்சதும் தலைமை ஆடிட்டரா யாரும் எடுக்க மாட்டாங்க, காட்டுலயோ மில்லுலயோ சில வருஷம் கேட்பாங்க. அது நியாயம்தான், வெட்டுற இடத்தையே பாக்காதவங்க வெட்டு ஒழுங்கா நடந்துச்சான்னு எப்படிச் சொல்றது.

மறைமுகச் செலவு: பயணம். பகல்ல சைட்டு, ராத்திரி விடுதியில ரிப்போர்ட்டு. அதைவிடப் பெருசு, ஆடிட் பண்ணிக்கிறவங்களே ஆடிட்டுக்குக் காசு கொடுக்கிற அமைப்பு இது, கடுமையா எழுதினா அடுத்த முறை வேற ஆளைக் கூப்பிடலாம்ங்கிற பயம் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடிட்டே இருக்கும்.

எல்சிஏ, அதாவது ஒரு பொருளோட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதையும் இந்தப் பிரிவுல சேர்த்திருக்கேன், ஆனா எனக்கு அது தனி மதிப்பு. ஐஎஸ்ஓ 14040, 14044 ரெண்டும்தான் அடிப்படை, ஓப்பன் எல்சிஏ மென்பொருள் இலவசம். படிக்கிறதுக்கு வறட்சியா தெரியும், ஆனா உள்ள போனா உண்மையான சிக்கல் வரும்: அறுவை மில்லுல ஒரு மரத்துல இருந்து பலகையும் வருது, சில்லும் வருது, தூளும் வருது, அப்ப மரம் வெட்டின பாதிப்புல தூளோட பங்கு என்ன? எடைய வச்சுப் பிரிச்சா ஒரு விடை, விலைய வச்சுப் பிரிச்சா வேற விடை. தூள்ல இருந்து பண்ற பொருள் பசுமையானதா இல்லையாங்கிறதே அந்த முடிவுல மாறிடும். இதை ஒழுங்கா விளக்கத் தெரிஞ்ச ஆள் ஆடிட்டுக்கும் போகலாம், மில்லுக்கும் போகலாம், கட்டடத் துறைக்கும் போகலாம்.

## 5. ஆராய்ச்சி

சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இதுல முடிவு எடுக்கிற விதமே வேற. ஒரு கேள்வி உங்களை விடாம துரத்துதுன்னா போங்க, வேலை கிடைக்கல அதனால பிஎச்டின்னா போகாதீங்க. மூணு நாலு வருஷம் ஆகும், அதுக்கு அப்புறமும் கிராண்டுக்குக் கிராண்டு ஒப்பந்த வேலை, ஊர் ஊரா மாறுறது. ஐயூஃப்ரோங்கிற சர்வதேச அமைப்பு 1892-ல இருந்து காட்டு ஆராய்ச்சியாளர்களை இணைக்குது, பின்லாந்துல யோயென்சூவுல ஐரோப்பியக் காட்டு நிறுவனம், இந்தோனேசியாவுல போகோர்ல சிஃபோர்ங்கிற காட்டு ஆராய்ச்சி மையம்னு பெரிய இடங்க இருக்கு, ஆனா இடத்தைவிட யார்கிட்ட வேலை பாக்குறீங்கங்கிறதுதான் அந்த நாலு வருஷத்தை முடிவு பண்ணும். சேர்றதுக்கு முன்னாடி அந்த கைடு கிட்ட ஏற்கனவே முடிச்சவங்க ரெண்டு பேர் கிட்டயாவது தனியா பேசுங்க.

சொந்தமா பயோசார் (மண்ணுல போடுற ஒரு வகைக் கரி), மரமல்லாத காட்டுப் பொருள்னு தொழில் தொடங்குறதைப் பத்தியும் கேக்குறாங்க. மேல சொன்னதுல ஏதாவது ஒண்ணுல மூணு வருஷம் இருந்துட்டு வந்து தொடங்குங்க, அதுக்கு மேல இப்ப சொல்ல ஒண்ணும் இல்ல.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | உள்ள போறது | எதை நம்பி நிக்குது | தூக்கிட்டுப் போக முடியுமா | பெரிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| காட்டு வேலை | காட்டியல் ஆழமா படிச்சா நேரடி | நிலம், அரசு அல்லது பெரிய காட்டு உரிமையாளர் | அளவியல் முடியும், மர அறிவு பாதிதான் | உடம்பு, தூர ஊரு |
| மில்லு, மரப் பொருள் | கெமிஸ்ட்ரி கூடுதலா வேணும் | ஒரு மில்லு, ஒரு முதலீடு | ரொம்ப நல்லா முடியும் | ஷிஃப்ட், மூடுற அபாயம் |
| மேப்பு, கார்பன் | சொந்தமா கத்துக்கிட்டே போகலாம் | ஜிஐஎஸ் எதையும் இல்ல, கார்பன் ஒரு மார்க்கெட்டை | ரொம்ப நல்லா முடியும் | போட்டி, எண்ணு மேல வர்ற அழுத்தம் |
| ஆடிட்டு, இணக்கம் | அனுபவம் கேட்பாங்க | சட்டம், சான்றிதழ் மேல உள்ள நம்பிக்கை | முறை முடியும், படிவ அறிவு முடியாது | பயணம், சுதந்திரம் குறையிறது |
| ஆராய்ச்சி | பிஎச்டி | கிராண்ட் | துறையைப் பொறுத்தது | வருஷங்க, நிரந்தரமின்மை |

## ஒண்ணு இல்ல, ஜோடியா எடுங்க

டேபிளை நிமிர்ந்து பாத்தா தெரியும், தனியா எடுத்தா எல்லாத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஆனா ரெண்டைச் சேர்த்தா ஒண்ணோட ஓட்டைய இன்னொண்ணு அடைக்குது. காட்டு அளவும் ஜிஐஎஸ்சும் சேர்ந்தது என் கண்ணுக்கு முதல் ஜோடி, ப்ளாட் போடத் தெரிஞ்ச ஆளே மேப்பும் போட்டா அந்த ஆளோட எண்ணை நம்பலாம், அந்த மாதிரி ஆள் தேடினாலும் சுலபத்துல கிடைக்கிறதில்ல. மில்லும் எல்சிஏவும் ரெண்டாவது ஜோடி, நிஜ ஆலையோட டேட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க போடுற எல்சிஏ வேற தரம். ஆடிட்டும் சட்டமும் சேர்ந்த ஜோடிய மட்டும் முதல் வேலையா நான் பரிந்துரைக்க மாட்டேன், ரெண்டுமே ஒரே சட்டத்துல சாஞ்சு நிக்குது, அது சரிஞ்சா ரெண்டும் சேர்ந்து சரியும்.

எந்த ஜோடியா இருந்தாலும் புள்ளியியல் தப்பிக்க முடியாது. சாம்பிள் எத்தனை போதும், இந்தச் சராசரி எவ்ளோ முன்னப்பின்ன இருக்கலாம், இது ரெண்டையும் சொல்லத் தெரியாத ஆளை காட்டுலயும் எடுக்க மாட்டாங்க, மில்லுலயும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு அடுத்தது எழுதுறது. நாப்பது பக்க ரிப்போர்ட்டோட சாரத்தை ஒரே பக்கத்துல, வெட்டுறதா வேணாமான்னு முடிவெடுக்கப்போற ஆளுக்குப் புரியிற மாதிரி எழுதத் தெரிஞ்சா நீங்க சீக்கிரம் கண்ணுல படுவீங்க. வேற நாட்டுல வேலை யோசிக்கிறீங்கன்னா அந்த ஊர் மொழிய இப்பவே ஆரம்பிங்க, காட்டுல வேலை பாக்குற கான்ட்ராக்டர்கிட்டயும் ஷிஃப்ட் ஆபரேட்டர்கிட்டயும் இங்கிலீஷ் வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது, கோர்ஸ் இங்கிலீஷ்ல இருந்துச்சுங்கிறதுக்காக வேலையும் அப்படி இருக்கும்னு நம்பி ஏமாந்தவங்க நிறைய.

இன்னும் முடிவுக்கு வரலைன்னா இந்த செமஸ்டர் லீவுல இப்படிப் பண்ணிப் பாருங்க. காட்டு அளவை எடுக்கிற குழு ஏதாவது இருந்தா ரெண்டு வாரம் கூடப் போங்க, டேப் பிடிக்கிற வேலையா இருந்தாலும் பரவாயில்ல. திரும்பி வந்து அதே இடத்தோட சென்டினல் படத்தை இறக்கி, நீங்க அளந்த ப்ளாட்டை அது மேல வச்சுப் பாருங்க, எங்க ஒத்துப் போகுது எங்க போகலைன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல இருக்கிற அறுவை மில்லுக்கோ பலகை ஆலைக்கோ அனுமதி வாங்கிப் போய், உள்ள போற மரத்துல எவ்ளோ பலகையா வருது, மீதி எங்க போகுதுன்னு கேட்டு ஒரு நிறைச் சமநிலை வரைஞ்சு பாருங்க. மூணுல எதைப் பண்றப்ப மணி போனதே தெரியலையோ அதைக் குறிச்சு வச்சுக்குங்க, அந்த ரெண்டு பக்கத்தையும் அந்த வரைபடத்தையும் பத்திரமா வைங்க, வேலைக்கு விண்ணப்பிக்கிறப்ப சான்றிதழோட சேர்த்து அதையும் அனுப்பலாம்.